மாமனார் குடையும் நாலு இண்டிகேட்டரும்

குடை என் மாமனாருடையது. மரப்பிடி, கறுப்புத் துணி, விரித்தால் இரண்டு பேர் தாராளமாக நிற்கலாம். இந்த மாதிரிக் குடை இப்போது கடையில் கிடைக்காது என்று அத்தை பெருமையாகச் சொல்வார். அந்தக் குடைதான் போன கார்த்திகையில் எங்களை நாலுவழிச் சாலையில் ஒரேயடியாக முடித்துவிடப் பார்த்தது. குடையைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றவன் என் மச்சினன், அங்கே நிற்கச் சொன்னது நான்.

நாகர்கோவிலில் ஒரு பால்காய்ப்பு வீடு. சாப்பிட்டு, மத்தியானம் படுத்து எழுந்து, கிளம்பும்போது ஏழு மணி தாண்டிவிட்டது. காரில் நான், மனைவி, ஏழு வயது மகள், அத்தை, மச்சினன். காவல்கிணறு வரை தூறல். வள்ளியூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. நாங்குநேரி கழிந்து மூன்றடைப்புக்குப் போகிற வழியில், பின்னால் வலப்பக்கம் யாரோ இழுப்பதுபோல வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியது. அப்புறம் அந்தச் சத்தம். ஒருமுறை கேட்டவர்களுக்குத் தெரியும், காற்றுப்போன டயர் தார்ரோட்டில் தப்தப்பென்று அடிக்கிற சத்தம்.

வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் ஒதுக்கினேன். வெள்ளைக் கோட்டுக்கு அந்தப்பக்கம் கொஞ்சம் தார், அதற்கப்பால் மண், மண்ணுக்கப்பால் இரும்புத் தடுப்பு, தடுப்புக்கு அப்பால் சரிவு. மழையில் மண் இளகிக் கிடந்ததால் சக்கரம் புதைந்துவிடுமோ என்று பயந்து முழுதாக இறக்கவில்லை. காரின் வலப்பக்கம் ஒரு முழம் அளவுக்குச் சாலையிலேயே இருந்தது. பஞ்சரானதும் அந்தப் பக்கத்துச் சக்கரம்தான். டேஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் போட்ட பொத்தானை அழுத்தினேன். நாலு இண்டிகேட்டரும் டிக் டிக் என்று அடிக்க ஆரம்பித்தன. சரி, நாம் செய்யவேண்டியதைச் செய்தாயிற்று என்று மனசு நிம்மதியாகிவிட்டது. இத்தனை நாளாக என்னை உறுத்துவது அந்த நிம்மதிதான்.

அத்தையும் மகளும் மனைவியும் உள்ளேயே இருக்கட்டும், மழையில் எதற்கு இறங்கவேண்டும் என்று சொல்லிவிட்டேன். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். நானும் மச்சினனும் இறங்கி டிக்கியைத் திறந்தோம். ஸ்டெப்னி அடியில் இருந்தது. அதற்கு மேலே பால்காய்ப்பு வீட்டில் கொடுத்த வாழைத்தார், ஒரு சாக்குத் தேங்காய், அத்தையின் பை. எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்துவிட்டு, ஜாக்கியை எடுக்க நான் குனிந்தேன். எனக்கு நனையாமல் இருக்க மச்சினன் குடையைப் பிடித்துக்கொண்டான். அதாவது வண்டிக்குப் பின்னால், வலப்பக்க விளக்குக்கு நேர் எதிரே, தரையில் இருந்து இடுப்பு உயரத்துக்கு வாழைத்தாரும் சாக்கும், அதற்கு மேல் அவன் உடம்பு, அதற்கு மேல் குடை.

ஒரு கார் வந்தது. வெளிச்சம் எங்கள் மேல் அடித்த வேகத்திலேயே, இவன் நம்மைப் பார்க்கவில்லை என்று தெரிந்துவிட்டது. மச்சினன் "அத்தான்!" என்று கத்தியதும், டயர் கிறீச்சிட்டதும், கார் வலப்பக்கம் வெட்டி எங்களைக் கடந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில். போகிற போக்கில் அடித்த தண்ணீரில் குடை பின்பக்கமாக மடங்கிவிட்டது. அந்த வண்டி முன்னால் ஐம்பது அறுபது மீட்டர் தள்ளிப் போய் ஓரமாக நின்றது. ஓட்டி வந்த பையன் இறங்கி நடந்து வந்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன். அவனுக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"சார், ஒரு பக்கந்தான எரிஞ்சுது. நீங்க எடது பக்கம் திரும்புதியன்னுல்லா நெனச்சேன்."

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். குடை மடங்கிய பிறகு வலப்பக்க விளக்கும் தெரிந்தது. இரண்டும் சேர்ந்து அழகாகச் சிமிட்டிக்கொண்டிருந்தன.

பாதி மறைந்தால் அது இண்டிகேட்டர்

யோசித்தால் எவ்வளவு எளிய விஷயம். இந்த அபாய விளக்குக்கென்று தனியாக ஒரு பல்பு கிடையாது. இடப்பக்கம் திரும்ப எரிகிற அதே விளக்கும், வலப்பக்கம் திரும்ப எரிகிற அதே விளக்கும் ஒன்றாகச் சிமிட்டுகின்றன. அதே மஞ்சள் நிறம், நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை என்கிற அதே சிமிட்டல். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் "நிற்கிறேன், ஆபத்து" என்று பொருள். ஒன்றை மறைத்துவிட்டால் "திரும்பப் போகிறேன்". திரும்பப் போகிற வண்டி என்றால் ஓடுகிற வண்டி. ஓடுகிற வண்டிக்குப் பின்னால் வருகிறவன் எதற்காக பிரேக் மேல் காலை வைக்கப்போகிறான்?

மறைப்பதற்குக் குடைதான் வேண்டும் என்றில்லை. பின்னால் நின்று டார்ச் அடிக்கிற ஆள் போதும். நமக்கும் பின்னால் வருகிறவனுக்கும் நடுவில் போகிற பஸ் போதும், அது விலகிய பிறகுதான் நம் விளக்கு தெரியும். சில வண்டிகளில் பின்விளக்கின் ஒரு பகுதி டிக்கிக் கதவிலேயே இருக்கிறது. கதவைத் தூக்கினால் அது வானத்தைப் பார்த்துக்கொண்டு சிமிட்டும். உங்கள் வண்டியில் எப்படி என்று ஒருநாள் ராத்திரி வாசலில் நிறுத்தி, டிக்கியைத் திறந்துவைத்து, தெருமுனை வரை நடந்துபோய்த் திரும்பிப் பாருங்கள். நான் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் "என்ன அண்ணாச்சி, வண்டிய விக்கப் போறியளா?" என்று கேட்டார்.

இதில் எனக்கு வெட்கமான பகுதி ஒன்று இருக்கிறது. பதினைந்து வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சொன்ன பாடம், "எடது பக்கம்னா எடது, வலது பக்கம்னா வலது, நேராப் போகணும்னா நாலையும் போட்ரணும்." நம் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான் ஓட்டுகிறோம். நெல்லை வண்ணார்பேட்டை ரவுண்டானாவாகட்டும், ஊர்ப்புறத்து நாற்சந்தியாகட்டும், நேராகப் போக நாலையும் சிமிட்டவிடுவது ஒரு மரியாதை என்றே நினைத்திருந்தேன். குறுக்குச் சாலையில் நின்று நம்மைப் பார்க்கிறவருக்கு வண்டியின் ஒரு பக்கம்தான் தெரியும். இடப்பக்கச் சாலையில் ஸ்கூட்டியில் நிற்கிற அக்காவுக்கு என் இடப்பக்க விளக்கு மட்டும் சிமிட்டுகிறது. சரி, நம் சாலைக்குள் திரும்புகிறான் என்று அவர் வண்டியை எடுக்கிறார். நான் நேராக வருகிறேன். மூன்றடைப்புப் பையன் கண்ட அதே பாதி விளக்குதான். நாற்சந்தியில் நான் வருஷக்கணக்காகச் செய்ததைத்தான் அன்றைக்குக் குடை எனக்குத் திருப்பிச் செய்தது. நேராகப் போக எந்த விளக்கும் வேண்டாம். வேகத்தைக் குறைத்து இரண்டு பக்கமும் பார்த்துப் போனால் போதும்.

மழையில் ஓடிக்கொண்டே நாலையும் போடுவதும் இந்த வகைதான். 2023 டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்த மழையின் முதல் நாளில் நானும் அப்படித்தான் ஓட்டினேன். எனக்கு முன்னாலும் பின்னாலும் எல்லா வண்டியும் சிமிட்டிக்கொண்டே ஊர்ந்தது. அந்த வரிசையில் ஒரு வண்டி நின்றுபோயிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? அது போதாதென்று, பெரும்பாலான கார்களில் நாலையும் போட்டுவிட்டால் ஸ்டியரிங் அடியில் இருக்கும் இண்டிகேட்டர் கம்பி வேலை செய்யாது. வலப்பக்கம் ஏறப்போகிறேன் என்று சொல்ல வழியே இல்லாமல் போய்விடுகிறது. மழையில் முன்விளக்கை டிம்மில் போட்டால் பின்னால் சிவப்பு விளக்கும் தானாக எரிகிறது. அதுவே போதும். கண் தெரியாத அளவுக்குக் கொட்டினால் எங்காவது பெட்ரோல் பங்க்கில் ஒதுங்கி டீ குடிக்கவேண்டியதுதான்.

கொப்பு

பையன் போவதற்குள் பின்னால் ஒரு லாரி வந்து, எங்களுக்குக் கொஞ்சம் பின்னாலேயே, மண்ணில் பாதி இறங்கி நின்றது. தூத்துக்குடிக்குப் போகிற காலி லாரி. அறுபது வயதுக்காரர் ஒருவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நடந்ததைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே காரின் இடப்பக்கக் கண்ணாடியைத் தட்டினார்.

"பிள்ளைய உள்ள வச்சுக்கிட்டா டயர் மாத்துதிய? எறங்கச் சொல்லுங்க தம்பி."

"மழை பெய்யுது அண்ணாச்சி..."

"நனஞ்சா காய்ச்சத்தான வரும். மாத்திர போட்டுக்கிடலாம்."

இதற்கு மேல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. மனைவி பாப்பாவைத் தூக்கிக்கொள்ள, அத்தை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, மூன்று பேரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கினார்கள். அவர்கள் தடுப்புக்கு அந்தப் பக்கம் காருக்கு முன்னால் போய் நின்றபோது அவர் மறுபடி சத்தம் போட்டார். "அங்க நிக்காதிய, பின்னால வாங்க. எவனாவது இடிச்சான்னா ஒங்க காரே ஒங்க மேல வந்துரும்." இடிபட்ட கார் முன்னால்தானே பாயும் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

அப்புறம் அவர் செய்ததுதான் நான் மறக்காதது. சரிவில் இறங்கி, வேலிக்கருவையில் ஆளுயரத்துக்கு ஒரு கொப்பை முறித்தார். முள் குத்துவதை அவர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அதை இழுத்துக்கொண்டு, எதிரே வருகிற வெளிச்சத்தைப் பார்த்தபடியே, தடுப்பு ஓரமாகப் பின்னோக்கி நடந்தார். லாரியையும் தாண்டி வெகுதூரம். நானும் பின்னாலேயே போனேன். நூறு எட்டு இருக்கும் என்று நான் நின்றேன், அவர் நிற்கவில்லை. இன்னும் அத்தனை எட்டு நடந்து, வெள்ளைக் கோட்டை ஒட்டிக் கொப்பைச் சாய்த்து வைத்தார்.

லைட்டுதான் எரிகிறதே என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"லைட்டுன்னா ஆயிரம் அர்த்தம்லா தம்பி. லாரிக்காரன் வலது பக்கம் போட்டா ஏறி வான்னும் அர்த்தம், நான் ஏறுதேன்னும் அர்த்தம். நாலையும் போட்டா மந்திரி வாராருன்னும் அர்த்தம், கல்யாண வீட்டுக்காரன்னும் அர்த்தம். கொப்பு கெடந்தா, முன்ன ஒருத்தன் நிக்கான். அதுக்கு வேற அர்த்தமே கெடையாது."

வீட்டுக்கு வந்தபிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலுவழிச் சாலையில் காருக்கு 2018இல் மத்திய அரசு அறிவித்த உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். அது நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர். எதிரே ஏதோ இருக்கிறது என்று கண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்றால், அதற்குள்ளேயே 40 மீட்டர் ஓடிவிடும். அதற்குப் பிறகுதான் பிரேக் பிடிக்கவே ஆரம்பிக்கிறது. நனைந்த சாலையில் வண்டி முழுதாக நிற்க எல்லாம் சேர்த்து நூறு மீட்டருக்கு மேல் வேண்டும். எட்டுக்கு முக்கால் மீட்டர் என்று வைத்தால், அவர் வைத்த கொப்பு நூற்றைம்பது மீட்டர் தள்ளி இருந்தது. அவர் எந்தக் கணக்கும் போட்டிருக்க மாட்டார்.

ஆனால் கொப்புக்குப் பின்னால் ஒரு பாவமும் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். நின்ற லாரியைச் சுற்றிக் கல்லை அடுக்கிவிட்டு, வண்டி கிளம்பும்போது கல்லை அப்படியே விட்டுப் போகிறவர்கள் நம் சாலைகளில் ஏராளம். ராத்திரி பைக்கில் வந்து அதில் ஏறுகிறவன் கதி என்ன? எனக்குத் தெரிந்த ஒருவருக்கு முன்பல் இரண்டு அப்படித்தான் போயிற்று. எங்கள் டயர் மாட்டி முடிந்ததும், இந்தப் பெரியவர் மறுபடி அவ்வளவு தூரம் நடந்துபோய் கொப்பை இழுத்துச் சரிவில் தள்ளிவிட்டுத்தான் வந்தார்.

டிக்கியில் தூங்கிய முக்கோணம்

வேடிக்கை என்னவென்றால், கொப்பு செய்கிற வேலைக்கென்றே செய்த பொருள் என் டிக்கியில் ஆறு வருஷமாக இருந்தது. சிவப்பில் மினுக்கும் மடக்கு முக்கோணம், கார் வாங்கும்போதே ஜாக்கியோடு கொடுத்தது. உறையைப் பிரித்ததுகூட இல்லை. கொப்பு வைத்துத் திரும்பி வந்த பிறகு அது நினைவுக்கு வந்து எடுத்தேன். கால் எது, கை எது என்று செல்போன் வெளிச்சத்தில் பிடிபடவே இல்லை. மச்சினன் ஒரு பக்கத்தைப் பூட்டினால் மறுபக்கம் கழன்றது. கடைசியில் பெரியவர் வாங்கி ஒரு தட்டுத் தட்டி நிறுத்தினார்.

இப்போது அதை இருபது நொடியில் நிறுத்துவேன், வாசலில் பழகிவிட்டேன். அதற்கு பேட்டரி வேண்டாம், பின்னால் வருகிற வண்டியின் வெளிச்சமே போதும். முக்கியமாக, அதைப் பார்த்து ஓடுகிற வண்டி என்று எவனும் நினைக்க முடியாது. ஒரே குறை, எடை இல்லை. முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக் காற்றில் இதை வைத்தால் காற்றாலைக்காரர்கள் தோட்டத்தில் போய்த்தான் பொறுக்கவேண்டும். காலில் ஒரு கல்லை ஏற்றி வைத்துவிட்டு, கிளம்பும்போது இரண்டையும் எடுக்கவேண்டியதுதான்.

இதற்காக அந்தப் பொத்தானை அழுத்தவேண்டாம் என்று சொல்லவரவில்லை. டயர் போனது தெரிந்து ஒதுங்கும்போதே அழுத்தவேண்டும், முதலில் அதைத்தான் செய்யவேண்டும். சாவியைக் கையில் எடுத்துவிட்டாலும் எரியும்படிதான் அமைத்திருக்கிறார்கள். பேட்டரி இறங்கிவிடும் என்று பயந்து அணைக்கிறவர்கள் உண்டு. சாதாரண பல்பு ஒன்று 21 வாட், நாலும் சேர்த்து 84. பாதி நேரம் அணைந்தே இருப்பதால் சராசரிக்கு மூன்றரை ஆம்பியர். சின்னக் காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் கவலையில்லை. வயதான பேட்டரி என்றால் மறுபடி ஸ்டார்ட் ஆகுமா என்பது சந்தேகம்தான். அதற்காக இருட்டில் நிற்க முடியுமா?

வலப்பக்கச் சக்கரத்தை நாங்களே மாற்றியிருக்கவும் கூடாது. பெரியவர் லாரியைப் பின்னால் அரணாக நிறுத்தியதால்தான் முடிந்தது. தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033 என்று மனைவிக்குத் தெரிந்திருக்கிறது, அவள் தடுப்புக்கு அந்தப் பக்கம் நனைந்துகொண்டே அதற்குத்தான் பேசிக்கொண்டிருந்தாள். ரோந்து வண்டி கூம்புகளோடு வந்து சேர்ந்தபோது நாங்கள் கடைசி நட்டை இறுக்கிக்கொண்டிருந்தோம். அவர்கள் வருகிறவரை தடுப்புக்கு அந்தப்பக்கம் எல்லோரும் நின்றிருக்கலாம். அரை மணி நேரம். மழை, அவ்வளவுதானே.

கிளம்பும்போது பெரியவரிடம் ஏதாவது கொடுக்கலாமா என்று பர்ஸைத் தொட்டேன், அவர் பார்த்த பார்வையில் கையை எடுத்துவிட்டேன். அத்தை வாழைத்தாரில் ஒரு சீப்பை ஒடித்து நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு கேபினில் ஏறினார். வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டு, கண்ணாடியில் பார்த்து, காத்திருந்து, ஏறிப் போனார்.

நாங்களும் ஏறினோம். ஈரத் துணியோடு ஐந்து பேர், கண்ணாடியெல்லாம் ஆவி. யாரும் பேசவில்லை. பாப்பா மறுபடி தூங்கிவிட்டாள். அந்தப் பையனின் கை நடுங்கியது, குடை மடங்கியது, உள்ளே உட்காரவைத்திருந்த மூன்று பேர் என்று மாறி மாறி மனதில் ஓட, அறுபதைத் தாண்டாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்களை முந்திப் போன ஒரு வேன்காரர் கண்ணாடியை இறக்கி எதையோ சொல்லிவிட்டுப் போனார், காதில் விழவில்லை. மூன்றடைப்பு தாண்டியிருக்கும். பின்னாலிருந்து அத்தை கேட்டார்.

"மாப்பிள, அப்பதையே பிடிச்சு டிக் டிக்குன்னு ஒரு சத்தம் கேக்கே, அது என்னது?"